கோலம் போடும் கை எழுத மறுத்தது!

'துவரம் பருப்பு 2 கிலோ' என்று எழுத எவ்வளவு நேரம் பிடிக்கும்? அரை நிமிஷம்கூட ஆகாது, இல்லையா? 2011-ம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு நாள், மளிகை லிஸ்ட் எழுத உட்கார்ந்த எனக்கு அந்த ஒரு வரிக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. 'து' போட்டேன். 'வ' போடப் போனதும் ஆள்காட்டி விரல் பேனாவை விட்டு விருட்டென்று தூக்கிக்கொண்டது. கட்டை விரல் உள்ளே மடங்கியது. மணிக்கட்டு, யாரோ பிடித்துத் திருப்புகிற மாதிரி தானாகவே வளைந்தது. பேனாவை அழுத்திப் பிடித்தேன். அழுத்த அழுத்த முறுக்கல்தான் அதிகமாயிற்று. காகிதம் கிழிந்ததே தவிர பருப்பு வரவில்லை!

பேனாவை வீசிவிட்டு எழுந்து போய்ச் சப்பாத்தி மாவு பிசைந்தேன். கை சமர்த்தாக வேலை செய்தது. அடுத்த 3 வருஷம் என்னைப் படுத்தி எடுத்த விஷயமே அதுதான்.

மயிலாடுதுறைப் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் தமிழாசிரியை. அப்போது எனக்கு வயது 41. அதற்கு முன் 19 வருஷம் கட்டுரை நோட்டு, தேர்வுத்தாள், மார்க் ரிஜிஸ்தர் என்று எழுதிக் குவித்த கை இது. "டீச்சர் எழுத்து அச்சு மாதிரி இருக்கும்" என்று பிள்ளைகள் சொல்வார்கள். எனக்கும் அதில் ஒரு கர்வம் உண்டு. ஓர் எழுத்து கோணினாலும் அடித்துவிட்டுத் திரும்ப எழுதுவேன்.

அடுப்படியில் சமர்த்து, பேனாவிடம் சண்டை

காய் நறுக்குவேன், பூத்தொடுப்பேன், ஊசியில் நூல் கோப்பேன். மார்கழியில் 21 புள்ளிக் கோலம் போடுவேன். ஒன்றிலும் தகராறு இல்லை. வகுப்பில் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதும்போதும் கை ஒழுங்காகவே போகும். உட்கார்ந்து பேனாவைப் பிடித்தால் மட்டும் விரல்கள் முருங்கைக்காய் மாதிரி விறைத்துக்கொள்ளும்.

இதை யாரிடம் சொன்னால் நம்புவார்கள்? ஹெட்மிஸ்ட்ரஸ் சிரித்தார். "ஏன் டீச்சர், போர்டுல முத்து முத்தா எழுதறீங்க. நோட்டுல எழுதச் சொன்னா மட்டும் கை வரலைங்கறீங்க. பேப்பர் கட்டைப் பார்த்தா எனக்கும்தான் கை வரமாட்டேங்குது!" என்றார். சக ஆசிரியைகளும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

என் கணவர் நல்லவர்தான். ஆனாலும், "உனக்கு மனசுல ஏதோ உறுத்தல். ஒரு வாரம் லீவு போட்டு உங்கம்மா வீட்டுக்குப் போயிட்டு வா, சரியாயிடும்" என்றார். போய் வந்தேன். சரியாகவில்லை.

பார்க்காத வைத்தியம் இல்லை. சுளுக்கு என்று தைலம் தேய்த்தோம். கழுத்து எலும்பு தேய்மானம் என்று எக்ஸ்ரே எடுத்துப் பட்டை போட்டார்கள். சர்க்கரை பார்த்தார்கள், இல்லை. கடைசியில் ஒரு டாக்டர், "எல்லாம் டென்ஷன்தான்" என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். பக்கத்து வீட்டு அம்மா கண்ணேறு என்று எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. உண்மையிலேயே நான்தான் வேலைக்குப் பயந்து நடிக்கிறேனோ?

2014-ல் மகளின் காலேஜ் ஃபீஸுக்குக் கொடுத்த செக், 'கையெழுத்து பொருந்தவில்லை' என்று திரும்பி வந்தது. என் பெயரை நானே எழுதியது என்று என் கையாலேயே நிரூபிக்க முடியவில்லை. வேலையை விட்டுவிடலாம் என்று அன்று ராத்திரி முடிவு செய்தேன்.

அத்தை சொன்ன யோசனை

மறுநாள் முறுக்கு சுற்றிக்கொண்டிருந்தேன். என் மாமியார் எதிரில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். திடீரென்று சொன்னார்:

"ஏம்மா, முறுக்கு சுத்தறப்போ விரல் சொன்னபடி கேக்குது. காலையில போட்ட கோலத்துல ஒரு இழை தப்பலை. கை கெட்டுப்போயிருந்தா எல்லாத்துலயும்ல கெட்டுப்போயிருக்கணும்? பேனாவைத் தொட்டா மட்டும்தானே இந்தக் கூத்து? டாக்டர்கிட்ட போய் கை வலிக்குது, கை வலிக்குதுன்னு சொல்லாத. இதை அப்படியே சொல்லு."

"யார்கிட்ட அத்தை சொல்றது? எல்லாரையும்தான் பார்த்தாச்சே!"

"நரம்பு டாக்டரைப் பார்த்தியா?"

பார்க்கவில்லை! எலும்பு டாக்டர், பொது டாக்டர், மனநல டாக்டர் என்று எல்லாரையும் பார்த்தவள் நரம்பியல் நிபுணரை மட்டும் பார்க்கவில்லை.

சென்னைக்குப் போனோம். அத்தை சொன்ன வாக்கியத்தையே டாக்டரிடம் சொன்னேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு பேனாவைக் கொடுத்து எழுதச் சொன்னார். சுருள் வட்டம் வரையச் சொன்னார். பிறகு ஒரு டம்ளரிலிருந்து இன்னொரு டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். அடுத்தது வேடிக்கை. இடது கையால் எழுதச் சொல்லிவிட்டு என் வலது கையைக் கவனித்தார். சும்மா மடியில் கிடந்த வலது கை, இடது கை எழுத எழுத, மெதுவாக முறுக்கிக்கொண்டது!

"அம்மா, இது நடிப்பும் இல்லை, மனவியாதியும் இல்லை. இதுக்குப் பேர் இருக்கு" என்றார். டிஸ்டோனியா. உடம்பின் ஒரு பகுதியில் மட்டும் வருவதால் 'ஃபோகல் டிஸ்டோனியா'. எழுதும் கைக்கு வந்தால் 'ரைட்டர்ஸ் கிராம்ப்'.

பெயரைக் கேட்டதும் அழுதுவிட்டேன். வியாதி இருக்கிறது என்று கேட்டு சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன்!

இரண்டு உலக்கையும் ஒன்றாக இறங்கினால்?

இது எப்படி வருகிறது? டாக்டர் சொன்னதையும், பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டதையும் நம் பாஷையில் சொல்கிறேன்.

ஒரே உரலில் இரண்டு பெண்கள் நெல் குத்துவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருத்தி உலக்கையை ஓங்கும்போது மற்றவள் இறக்குவாள். நம் விரலை மடக்கும் தசையும் நீட்டும் தசையும் அப்படித்தான். ஒன்று இழுக்கும்போது மற்றது விட்டுக்கொடுக்க வேண்டும். விட்டுக்கொடுக்கச் சொல்லி உத்தரவு போடுவது மூளை. டிஸ்டோனியாவில் அந்த 'நிறுத்து' என்கிற உத்தரவு சரியாகப் போவதில்லை. இரண்டு தசையும் ஒரே சமயம் இழுக்கின்றன. உலக்கைகள் மோதிக்கொள்கின்றன. கை முறுக்கிக்கொள்கிறது.

மூளையில் ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி இடம் உண்டு. ஒரே நுணுக்கமான வேலையை வருஷக்கணக்கில் ஓயாமல் செய்யும்போது, சிலருக்கு அந்த எல்லைகள் குழம்பிப்போகின்றன. தூறலில் நனைந்த கோலத்தில் ஒரு இழை அடுத்த இழையோடு கலக்கிறதே, அது மாதிரி. 1996-ல் அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ ஆராய்ச்சியாளர்கள் குரங்குகளுக்கு ஒரே பிடியைத் திரும்பத் திரும்பச் செய்யப் பழக்கினார்கள். அவற்றின் கை தடுமாறியது; மூளையில் விரல்களுக்கான இடங்கள் ஒன்றோடொன்று கலந்திருந்ததையும் கண்டார்கள்.

அப்படியானால் எழுதுகிற எல்லாருக்கும் ஏன் வரவில்லை? பிறவியிலேயே அதற்கு இடம்கொடுக்கும் உடல்வாகு சிலருக்கு இருக்கிறது. சில குடும்பங்களில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த வகைக் கோளாறு வருவதுண்டு. அதோடு ஓயாத பயிற்சியும், 'துளி பிசகக் கூடாது' என்கிற பிடிவாதமும் சேர்ந்தால் வாய்ப்பு கூடுகிறது. ரைட்டர்ஸ் கிராம்ப் பெரும்பாலும் 30 வயதிலிருந்து 50 வயதுக்குள் தலைகாட்டும்.

'மனசுதான் காரணம்' என்ற பேச்சு இன்று நேற்று வந்ததல்ல. நூறு வருஷத்துக்கு மேலாக டாக்டர்களே இதை நரம்புத் தளர்ச்சி, மனக்கோளாறு என்று ஒதுக்கிவைத்தார்கள். 1982-ல்தான் லண்டனில் ஷீஹி, மார்ஸ்டன் என்ற இரு நரம்பியல் மருத்துவர்கள் இந்த நோயாளிகளை நன்றாகப் பரிசோதித்து, இவர்களுக்கு மற்றவர்களைவிட மனக்கோளாறு அதிகம் இல்லை, இது டிஸ்டோனியாதான் என்று எழுதினார்கள். கவலையும் அவசரமும் முறுக்கலை அதிகமாக்கும் என்பது உண்மை. ஆனால் அதிகமாக்குவது வேறு, உண்டாக்குவது வேறு.

கைக்கு மட்டும்தானா?

இல்லை. கழுத்துக்கு வந்தால் தலை ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். கண் இமைக்கு வந்தால் கண் அடிக்கடி இறுக மூடிக்கொண்டு திறக்க மறுக்கும். பார்வை நன்றாக இருந்தும் ரோடு கடக்க முடியாது. இந்த இரண்டும் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். குரல் நாணுக்கு வந்தால் பேச்சு நெரிபட்டு, விட்டு விட்டு வரும். கழுத்து முறுக்கு உள்ள சிலர் தாடையை விரலால் லேசாகத் தொட்டாலே தலை நேராகிவிடும். 'பார்த்தாயா, நடிப்பு!' என்று உடனே சொல்லிவிடாதீர்கள். அந்தத் தொடு உணர்ச்சி மூளையை ஒரு கணம் ஏமாற்றுகிறது. டாக்டர்களுக்கு அதுவே ஓர் அடையாளம்.

தொழிலாகவே வாத்தியம் வாசிப்பவர்களில் நூற்றுக்கு ஒருவரை இது பிடிக்கிறது என்பது கணக்கு. அமெரிக்கப் பியானோ மேதை லியான் ஃப்ளைஷர் 1928-ல் பிறந்தவர். 1960-களின் நடுவில், புகழின் உச்சியில் இருந்தபோது, அவருடைய வலது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளே சுருண்டுகொண்டன. முப்பது வருஷம் இடது கையால் மட்டும் வாசிப்பதற்கென்றே எழுதிய இசையை வாசித்தார், பாடம் சொல்லிக் கொடுத்தார், இசைக்குழுக்களை நடத்தினார். 1990-களில் சிகிச்சை கிடைத்து மறுபடி இரண்டு கைகளாலும் வாசித்தார். 2004-ல் வெளியான அவருடைய இசைத்தட்டின் பெயரே 'இரண்டு கைகள்' என்பதுதான். முழுக்கக் குணமாகிவிட்டது என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை. சிகிச்சையைத் தொடர்ந்துகொண்டே வாசித்தார். 2020-ல், 92 வயதில் காலமானார்.

என்னென்ன சிகிச்சை?

முதலில் ஒன்று. இதற்கு ரத்தப் பரிசோதனை கிடையாது. ஸ்கேன் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அனுபவமுள்ள டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மற்ற சோதனைகளெல்லாம் வேறு வியாதி இல்லை என்று தெரிந்துகொள்ள. மணிக்கட்டில் நரம்பு நசுங்கினாலும் கை மரத்துப் பிடி தளரும். அதற்கு வைத்தியம் வேறு. சிறு வயதிலேயே முறுக்கல் வந்தால், உடம்பில் செம்புச் சத்து சேரும் 'வில்சன் நோய்' இருக்கிறதா என்று அவசியம் பார்ப்பார்கள். அதை ஆரம்பத்தில் பிடித்தால் மருந்தால் கட்டுப்படுத்தலாம்.

வாந்தியை நிறுத்தக் கொடுக்கும் சில மருந்துகளாலும், மனநோய்க்கான சில மருந்துகளாலும் திடீரென்று கழுத்தும் தாடையும் இழுத்துக்கொள்வதுண்டு. பேய் பிடித்துவிட்டது என்று பயப்படாமல், சாப்பிட்ட மாத்திரையையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஓர் ஊசியில் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இனி என் கை. எனக்கு முதலில் மாத்திரை கொடுத்தார்கள். ட்ரைஹெக்ஸிஃபெனிடில், பேக்லோஃபென், குளோனஸிபாம் என்று சில மருந்துகள் இருக்கின்றன. சிலருக்குக் கேட்கிறது. எனக்கு வாய் உலர்ந்து, பாடம் நடத்தும்போது வார்த்தை மறந்துபோனதுதான் மிச்சம். அவற்றை டாக்டர் சொல்லாமல் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

அடுத்தது ஊசி. பொட்டுலினம் என்ற மருந்து. கெட்டுப்போன டப்பா உணவில் வளரும் ஒரு கிருமி உண்டாக்கும் கொடிய விஷம் அது. அந்த விஷத்தையே மிகமிகச் சிறு அளவில், முரண்டு பிடிக்கும் தசையில் மட்டும் செலுத்தினால், அந்தத் தசை கொஞ்ச காலம் தளர்ந்துபோகிறது. சான் பிரான்சிஸ்கோ கண் மருத்துவர் ஆலன் ஸ்காட் மாறுகண்ணுக்காக இதை முதலில் கையாண்டார். 1989-ல் அமெரிக்க அரசு கண் சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தது. முகச் சுருக்கத்துக்கு நடிகைகள் போட்டுக்கொள்கிறார்கள் என்று படிக்கிறோமே, அதே ஊசிதான்!

விரல் முறுக்கினால் ஊசி விரலில் இல்லை, முழங்கைக்குக் கீழே. விரலை இழுக்கும் தசை அங்கேதான் இருக்கிறது. எந்தத் தசை என்று கண்டுபிடிக்க, கருவியோடு இணைத்த மெல்லிய ஊசியைச் செருகி எழுதச் சொன்னார்கள். முரண்டு பிடிக்கும் தசையைத் தொட்டதும் ஓட்டு வீட்டில் மழை பெய்கிற மாதிரி கருவி இரைந்தது.

ஒரு வாரத்தில் பலன் தெரிந்தது. ஆனால் முதல் தடவை மருந்து கொஞ்சம் அதிகமாகிவிட்டது. மூன்று வாரம் கேஸ் லைட்டரை அழுத்தக்கூட விரலில் பலமில்லை. அடுத்த தடவை அளவைக் குறைத்தார்கள். சரியான அளவு பிடிபட மூன்று தடவையாவது ஆகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் நான் பயப்படவில்லை. 3, 4 மாதத்தில் மருந்தின் வேகம் தீரும். திரும்பப் போட வேண்டும். விலை அதிகம்தான். கர்ப்பிணிகளும், பால் கொடுக்கும் தாய்மார்களும், வேறு தசை நோய் உள்ளவர்களும் டாக்டரிடம் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது, கைக்குப் புதுப் பாடம். பருத்த பேனா. ஆள்காட்டி விரலுக்கும் நடு விரலுக்கும் இடையில் வைத்துப் பிடிக்கும் புதுப் பிடி. சாய்வான பலகை. விரலை அசைக்காமல் தோளிலிருந்து பெரிய எழுத்தாக, மெதுவாக எழுதுவது. 'அ, ஆ' என்று முதலிலிருந்து தொடங்கினேன், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி! அச்சு மாதிரி எழுத வேண்டும் என்ற கர்வத்தை விடுவதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. இடது கைக்கு மாறுபவர்களும் உண்டு. சிலருக்கு அந்தக் கைக்கும் பரவிவிடும் என்பதால் அவசரப்பட வேண்டாம்.

எதற்கும் மசியாதவர்களுக்கு மூளையில் ஆபரேஷன். 2017-ல் பெங்களூரில் ஓர் இளைஞருக்கு, விழித்திருந்தபடி கிதார் வாசிக்க வாசிக்கவே மூளையில் ஆபரேஷன் செய்தார்கள். விரல் விடுபட்டது மேஜையிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அது கடைசி வழி, எல்லாருக்கும் அல்ல.

எங்கே போவது என்று கேட்பீர்கள். நரம்பியல் துறை உள்ள எந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கும் போகலாம். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, பெங்களூர் நிம்ஹான்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் ஆகிய இடங்களில் நரம்பியல் நிபுணர்கள் இருக்கிறார்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

உங்கள் பிள்ளை 'எழுதினா கை இழுக்குதும்மா' என்று சொன்னால், சோம்பேறி என்று திட்டுவதற்கு முன் ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைப் பாருங்கள். முடிந்தால் செல்போனில் படம் பிடித்து டாக்டரிடம் காட்டுங்கள். பரீட்சைக்கு என்ன செய்வது என்று கலங்க வேண்டாம். ரைட்டர்ஸ் கிராம்ப் உள்ள ஓர் இளம் டாக்டருக்குச் சிவில் சர்வீஸ் தேர்வில், சொல்வதை எழுத ஆள் வைத்துக்கொள்ள அனுமதி மறுத்தார்கள். அவர் கோர்ட்டுக்குப் போனார். 2021 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஊனம் 40 சதவீதம் இல்லாவிட்டாலும் எழுத முடியாதவருக்கு அந்த உரிமை உண்டு என்றது. 2022-ல் மத்திய அரசும் இதற்கு விதிமுறை வகுத்தது. தகுந்த டாக்டர் சர்டிபிகேட்டோடு விண்ணப்பிக்க வேண்டும்.

பாங்க்கில் பழைய கையெழுத்துப் போட வரவில்லையா? புது மாதிரிக் கையெழுத்துக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். நான் அப்படித்தான் செய்தேன். இப்போது என் கையெழுத்து வெறும் நான்கு எழுத்து, பெரிது பெரிதாக. அழகாக இல்லை. ஆனால் செக் திரும்பி வருவதில்லை.

வேலையை நான் விடவில்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் விஷயம் தெரிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அன்னிக்குச் சிரிச்சேனே, மனசுல வச்சுக்காதீங்க டீச்சர்" என்றார். விடைத்தாள் திருத்தும் வேலையைக் குறைத்துக் கொடுத்தார்.

இந்தக் கட்டுரையின் முதல் இரண்டு பக்கத்தை என் கையாலேயே எழுதினேன். மூன்றாவது பக்கத்தில் விரல் இழுக்க ஆரம்பித்தது. ஊசி போட்டு மூன்று மாதம் ஆகிவிட்டது அல்லவா! பேனாவை மூடி வைத்துவிட்டேன். மிச்சத்தை நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதினாள். முன்பாக இருந்தால் காகிதம் கிழியும் வரை மல்லுக்கட்டியிருப்பேன்.

என் மாமியார் போன வருஷம் காலமானார். 'கை வலிக்குதுன்னு சொல்லாத, நடக்கிறதை அப்படியே சொல்லு' என்று அவர் சொல்லாவிட்டால் இன்னும் தைலம்தான் தேய்த்துக்கொண்டிருப்பேன். உங்களில் யாருக்காவது எந்த வேலை செய்யும்போது மட்டும் உடம்பு மக்கர் பண்ணுகிறதோ, அந்த வேலையின் பெயரைச் சொல்லி டாக்டரிடம் பேச்சை ஆரம்பியுங்கள். பாதி வைத்தியம் அதிலேயே இருக்கிறது.